பஞ்சுக் கிடங்கு வீடாகுமா?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பது நம் முன்னோர் வாக்கு. புது வீடு கட்டுவதே இத்தனை பாடு என்றால், பழைய கிடங்கை வீடாக மாற்றுவது எளிதாகுமா? தோழியரே, அதைச் சற்று ஆராய்வோம்.

நம் கோவையைத் 'தென்னிந்தியாவின் மான்செஸ்டர்' என்பர். இங்கு 1888-இல் ஸ்டேன்ஸ் மில் தோன்றியது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. அவற்றோடு பஞ்சுக் கிடங்குகளும் எழுந்தன. இன்று பல ஆலைகள் ஓய்ந்துவிட்டன. 1910-இல் தொடங்கிய லட்சுமி மில்லின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் இப்போது கடைகளும் உணவகங்களும் நடைபெறுகின்றன. அவ்வாறே கிடங்குகளில் குடும்பங்களும் வாழலாம் அன்றோ?

"டன் கணக்கில் பஞ்சைத் தாங்கிய கட்டடம், மேலே இரண்டு மாடியைத் தாங்காதா?" என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ஒரு பஞ்சுப் பொதியின் எடை 170 கிலோ. பத்துப் பொதிகளை அடுக்கினால் 1,700 கிலோ. ஆனால் தரைத்தளக் கிடங்கில் அந்தப் பாரத்தைச் சுமந்தது பூமியே. சுவர்களும் தூண்களும் சுமந்தது ஓட்டுக் கூரையை மட்டுமே.

ஒரு கணக்குப் போடுவோம். 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள அறையின் பரப்பு 9 சதுர மீட்டர். வீட்டில் மனிதர்களுக்கும் சாமான்களுக்குமாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கணக்கிடுவர். ஆகவே 1,800 கிலோ. 12.5 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளத்தின் சொந்த எடை சுமார் 2,800 கிலோ. இரண்டும் சேர்ந்து 4.6 டன்! மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால், தண்ணீர் மட்டுமே இன்னும் ஒரு டன். இவை யாவும் பழைய சுவர்களுக்குப் புதிய பாரமே.

மான்செஸ்டரில் ஆன்கோட்ஸ் என்னும் பகுதியில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த மர்ரே நூற்பாலை இன்று குடியிருப்பாக உள்ளது. அது பல மாடிக் கட்டடம். அதன் மேல்தளங்கள் முன்பே இயந்திரங்களைத் தாங்கிப் பழகியவை. ஒற்றைத் தளக் கிடங்குக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அப்படியானால் வழி என்ன? 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதே பொறியாளரின் முதல் பாடம். சுவரோரம் குழி தோண்டி அஸ்திவாரத்தின் ஆழத்தையும் மண்ணையும் பார்க்க வேண்டும். நம் வட்டாரத்துக் கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். பழைய அஸ்திவாரம் போதாவிட்டால், உள்ளே புதிய அஸ்திவாரமிட்டு, எஃகுத் தூண்களையும் உத்திரங்களையும் நிறுத்தி, மாடிகளை அவற்றின்மேல் அமைக்கலாம். அப்போது பழைய சுவர் தன் பாரத்தை மட்டும் சுமந்தால் போதும்.

மேலும், கிடங்குச் சுவர்கள் நீளமானவை, உயரமானவை. இடையில் குறுக்குச் சுவர்கள் குறைவு. கூரைச் சட்டங்களே அவற்றைச் சாயாமல் பிடித்திருக்கும். எனவே முட்டுக் கொடுக்காமல் கூரையைப் பிரிப்பது ஆபத்து. கோவைக்கு நில அதிர்ச்சி வராது என்றும் எண்ண வேண்டாம். 1900 பிப்ரவரி 8-இல் இங்கே பெரும் அதிர்ச்சி ஏற்பட்டது. ஆகவே சுவர்களைப் புதிய சட்டத்தோடு முறையாகப் பிணைப்பதும் அவசியம்.

சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரைச் சிமென்டால் பூசுவதும் தவறு. ஈரம் வெளியேற வழியின்றிச் செங்கல் நாளடைவில் உதிர்ந்துபோகும். பழைய சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்ற மருந்து.

கிடங்கில் பஞ்சு உறங்கியது. வீட்டில் குழந்தைகள் உறங்குவார்கள். பாறைமேல் வீடு கட்டிய புத்திமானைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் அறிவோம். அவன் முதலில் பார்த்தது சுவரை அல்ல, அடித்தளத்தையே. முதியவரிடம் புதிய வேலையை ஒப்படைக்குமுன் அவரது உடல்நலத்தைக் கேட்பது மரியாதை. பழைய கட்டடத்துக்கும் அந்த மரியாதையைச் செய்வோம். அப்போது அது இடிபடாமல் பல தலைமுறைக்கு நிழல் தரும்.