வெளுப்பு மருந்தும் வீட்டுத் தோட்டமும்

நெசவாளர் சங்கத்து அங்கத்தினர்களுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு புதிய பொருளன்று. சாயப்பட்டறைகளில் நூலையும் துணியையும் வெளுப்பதற்கு அது பயன்படுகிறது. அம்மருந்தையே வீட்டுத் தோட்டத்துச் செடிகளுக்கு ஊற்றலாமா என்று, தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் அங்கத்தினர்கள் வினவுகின்றனர். சிலர் வினவாமலே ஊற்றியும் விடுகின்றனர். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று ஆராய்வது நலம்.

1818ஆம் ஆண்டில் பிரெஞ்சு இரசாயன அறிஞர் தெனார் கண்டறிந்த பொருள் இது. நீரில் இருப்பதைக் காட்டிலும் பிராணவாயு இதில் ஒரு பங்கு மிகுதி. அம்மிகுதி நிலைத்து நிற்பதில்லை. அது பிரிந்தபின் எஞ்சுவது வெறும் நீரே. அவ்வாறு சிதையும்போதுதான் இம்மருந்து நூலின் பழுப்பைப் போக்குகிறது, கிருமிகளையும் கொல்கிறது.

மண்ணில் ஊற்றியதும் நுரை பொங்கும். நோய் வெளியேறுவதாகப் பலர் அதனைக் கருதுகின்றனர். உண்மை வேறு. மண்ணின் நுண்ணுயிர்களிடமும் செடியின் வேர்களிடமும் கேட்டலேஸ் என்னும் நொதி உண்டு. மருந்தை நீராகவும் வாயுவாகவும் பிரிப்பது அதுவே. எனவே, நுரை மிகுந்தால் மருந்து விரைவாகச் செலவழிகிறது என்பதே பொருள். செலவழியுமுன் அது நல்லுயிர், தீயுயிர் என்று பாகுபாடு செய்வதில்லை. அவரையின் வேர்முடிச்சுகளில் தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நுண்ணுயிரும் அதற்கு ஒன்றே. தொழு உரம் இட்டு வளர்த்த மண்ணில் காசு கொடுத்து இதனை ஊற்றுவானேன்?

நீர் தேங்கி வாடும் செடிக்கு இது பிராணவாயு தரும் என்பர். தரும், ஆனால் அதில் பெரும்பகுதி விரைவில் குமிழியாக மேலேறிப் போய்விடும். வேரோ இரவும் பகலும் சுவாசிப்பது. தொட்டியின் அடித்துளையில் அடைத்திருக்கும் மண்ணைக் குச்சியால் குத்தி விடுவதே தக்க சிகிச்சை.

பயனுள்ள இடங்களும் உண்டு. நாற்றழுகல் கண்ட தட்டுகளையும் தொட்டிகளையும் மண் போகக் கழுவியபின், 3 சதவிகிதக் கரைசலால் நனைத்துப் பத்து நிமிடம் விட்டு அலசலாம். கத்தரிக்கோலையும் அவ்வாறே துடைக்கலாம். தக்காளி, மிளகாய் விதைகளை அதே கரைசலில் ஐந்து நிமிடம் வைத்து நல்ல நீரில் அலசினால் மேல்தோலில் ஒட்டிய கிருமிகள் குறையும். உள்ளே புகுந்தவற்றை அது தொடாது.

கரைசல் மருந்துக் கடையில் வாங்கியதாகவே இருத்தல் வேண்டும். 3 சதவிகிதப் புட்டியில் 10 வால்யூம் என்றும், 6 சதவிகிதப் புட்டியில் 20 வால்யூம் என்றும் குறித்திருப்பர். ஒரு லிட்டர் மருந்து அத்தனை லிட்டர் பிராணவாயுவை வெளியிடும் என்பதே அவ்வெண்ணின் பொருள். 6 சதவிகிதத்தைச் சம அளவு நீருடன் கலந்தால் 3 ஆகும். பட்டறைக்கு வரும் கேனிலோ 50 சதவிகிதம் வரை இருக்கும். ஏறத்தாழ 200 வால்யூம்! தோலில் பட்டால் வெந்து வெளுக்கும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. இதனைக் குளிர்பானப் புட்டியில் ஊற்றி இறுக மூடி வீட்டுக்குக் கொண்டு போவது எவ்விதத்திலும் தகாது. வாயு சேர்ந்து புட்டி வெடிக்கலாம். நீரென்று எண்ணிக் குழந்தை குடிக்கவும் கூடும். இருப்புப் பதிவேட்டில் 'கசிவு' என்று எழுதப்படும் குறைவுகளில் சில இவ்வழியே போனவை என்பது என் ஐயம்.

துருப்பட்ட நூல் வெளுப்புத் தொட்டியில் இற்று ஓட்டை விழுவதை நெசவாளர் அறிவர். இரும்பு இம்மருந்தின் சிதைவைத் தூண்டுவதே காரணம். ஆதலால் இரும்பு வாளியிலோ துருப்பிடித்த பூவாளியிலோ இதனைக் கலக்கலாகாது.

வெளுத்து முடிந்த தொட்டி நீரையும் செடிக்கு விடாதீர்கள். மருந்து தீர்ந்திருப்பினும், உடன் சேர்த்த காஸ்டிக் சோடாவும் சோடியம் சிலிகேட்டும் அதில் எஞ்சியிருக்கும். அவை வேரைக் கருக்கி, நாளடைவில் மண்ணைக் களராக்கும்.

மருந்து கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவுக. கண்ணாயின் தாமதமின்றி மருத்துவரிடம் செல்க. விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யாமல், மருந்தின் பெயர்ச்சீட்டுடன் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க.