லடாக் போறியா? பாங்காங்கைக் கடைசியில வை

லே ஏர்போர்ட்டில இறங்கின அன்னிக்கே பாங்காங் ஏரிக்கு வண்டி பேசணும்னு மாப்பிள்ளை சொன்னாராமே? வேண்டாம்னு அக்கா சொன்னேன்னு சொல்லு. நம்ம தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். லே ஊரு சுமார் 3,500 மீட்டர், பாங்காங் 4,200-க்கும் மேல. டெல்லியில விடியக்காலையில ஏறி, டிபன் நேரத்துக்கு லே உயரத்துல போய் நிக்கிறோம். உடம்பு பழக நாள் வேண்டாமா?

முதல் ரெண்டு நாள் ஊர் சுத்தாதே. படு, தண்ணி குடி, சாயங்காலம் மெதுவா கடைத்தெரு வரைக்கும் நட. ‘எனக்கு ஒண்ணும் செய்யலையே’ன்னு குதிக்கிறவங்கதான் ராத்திரி தலையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாங்க. உயரம் ஒத்துக்கறதுக்குப் போடுற டயமாக்ஸ் மாத்திரையைப் பக்கத்து வீட்டுல சொன்னாங்கன்னு வாங்காதே. டாக்டர்கிட்ட கேளு, சல்ஃபா மருந்து ஒத்துக்காதுன்னா அதையும் சொல்லிடு. அப்பாவும் வர்றதா இருந்தா, அவர் பிரஷர் பார்க்கிற டாக்டர் சரின்னு சொன்னப்புறம் டிக்கெட் போடு. தலைவலியோ குமட்டலோ இருந்தா அதுக்கு மேல ஏறக்கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ யோசிக்கவே வேண்டாம், உடனே கீழே இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

மூணாம் நாள்லேர்ந்து எதை முன்னாடி பார்க்கிறோம்ங்கிறதுதான் சூட்சுமம். லடாக்கோட பழைய சரித்திரம் பெரும்பாலும் சிந்து நதியை ஒட்டித்தான் இருக்கு, ரொம்ப உயரமில்ல. ஏரியும் கணவாயும்தான் மேல. அதனால மடாலயங்களை முதல்ல முடி.

லே அரண்மனை 17-ம் நூற்றாண்டுல செங்கே நம்கியால் ராஜா காலத்துல எழுந்தது, ஒன்பது அடுக்கு. படி ஏறும்போது பேசிக்கிட்டே ஏறாதே. அடுத்த நாள் மேற்கே கிளம்பு. நிம்மு கிட்ட சிந்துவும் ஸன்ஸ்காரும் ரெண்டு நிறத்துல வந்து கலக்கும், மேலே ரோட்டுல நின்னு பார்த்தாலே போதும். காந்த மலைன்னு ஒரு இடத்துல வண்டியை நிறுத்தச் சொல்லுவாங்க. காந்தமும் இல்ல ஒண்ணும் இல்ல, இறக்கம் ஏத்தம் மாதிரி கண்ணுக்குத் தெரியுது, அவ்வளவுதான்.

மிச்சம் பிடிச்ச நேரத்தை அல்ச்சியில செலவு பண்ணு. மத்த மடாலயம் பெரும்பாலும் குன்று மேல இருக்கும், இது சமதரையில. அப்பா முழங்காலுக்கும் நல்லது. சும்ட்செக்னு மூணு அடுக்குக் கோயில், உள்ளே ஆளுயரத்தைவிடப் பெரிய மண் சிலைகள். அவலோகிதேஸ்வரர் கட்டியிருக்கிற வேட்டியைக் கிட்ட போய்ப் பாரு. அந்தத் துணி மேலேயே அரண்மனையும் கோயிலும் மனுஷங்களுமா குட்டிக் குட்டியா வரைஞ்சிருக்கு, காஷ்மீர்ப் பாணியில, பல நூற்றாண்டுக்கு முன்னாடி. உள்ளே இருட்டு, போட்டோவும் கூடாது. கண்ணு இருட்டுக்குப் பழகுற வரைக்கும் நில்லு. அவசரமா எட்டிப் பார்த்துட்டு வெளியே வந்து ஆப்ரிகாட் வாங்குற கூட்டத்தோட சேர்ந்துடாதே. (வாங்கு, ஆனா அப்புறமா.) அங்கிருந்து லாமாயூரு போனா, பழைய ஏரி வத்திப்போன மஞ்சள் களிமண் மடிப்பு மடிப்பா நிக்கும். சாய்ஞ்ச வெயில்ல அழகு.

இவ்வளவும் முடிஞ்சப்புறம் நுப்ரா பள்ளத்தாக்கு. வழியில வர்ற கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல. போர்டு பக்கத்துல ஒரு போட்டோ, கால் மணி நேரத்துல வண்டியில ஏறிடணும். அந்தப் பக்கம் இறங்கினா ஹுண்டர், லேயைவிடத் தாழ்வு, ராத்திரி நல்லா தூக்கம் வரும். பனிமலைக்கு அடியில மணல்மேடு, அதுல ரெட்டைத் திமில் ஒட்டகம். மத்திய ஆசியாவோட வியாபாரம் நடந்த காலத்துல சரக்கு சுமந்த ஒட்டகங்களோட வம்சம் அது. வியாபாரம் நின்னுபோச்சு, ஒட்டகம் மட்டும் தங்கிடுச்சு. சவாரி உன் இஷ்டம். எனக்கு அதுங்க மேயறதைப் பார்க்கிறதே பிடிச்சுது.

பையில என்ன வைக்கலாம்னு கேட்டியே. புளிக்காய்ச்சல் பாட்டிலை விளிம்பு வரைக்கும் நிரப்பாதே. அங்க காத்தழுத்தம் குறைவு, மூடியைத் திறந்ததும் பொங்கி வழியும். முகத்துக்குப் போடுற க்ரீமும் அப்படித்தான். வெயில் சுடும், நிழல் குளிரும், அதனால ஒரே தடி ஸ்வெட்டரைவிட மெல்லிசா மூணு உடுப்பு மேல். நம்ம ஊர் ப்ரீபெய்ட் சிம் அங்க வேலை செய்யாது, யாராவது ஒருத்தர்கிட்ட போஸ்ட்பெய்ட் இருக்கட்டும். லே தாண்டினா ஏ.டி.எம்.மை நம்பாதே, ரொக்கம் வெச்சுக்கோ. அனுமதி, கட்டண விதியெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும். கிளம்புற வாரம் அரசாங்க இணையதளத்துல ஒரு தடவை பாரு.

பாங்காங் எப்போ? எல்லாத்துக்கும் பின்னாடி. உப்புத் தண்ணி ஏரி, ஆனாலும் குளிர்காலத்துல உறைஞ்சு போகும். கரையில ‘த்ரீ இடியட்ஸ்’ படத்துல வந்த மாதிரி மஞ்சள் ஸ்கூட்டர் நிறுத்தி வெச்சிருப்பாங்க. அதைத் தாண்டி கொஞ்ச தூரம் நடந்தா ஏரி உனக்கே உனக்கு. நுப்ராவுலேர்ந்து ஷ்யோக் ஆத்தோரமா அங்க போக ஒரு வழி உண்டு. ஆத்துல தண்ணி ஏறினா அது அடைபடும், டிரைவர் வேண்டாம்னா மாப்பிள்ளையை வாக்குவாதம் பண்ண விடாதே. ஊர் திரும்புற ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் முழுசா லேயில இருக்கிற மாதிரி டிக்கெட் போட்டுடு.