புதிய லினக்ஸில் பழைய பைதன்

2002இல் வெளிவந்த ஆர்ச் லினக்ஸுக்கு ஆண்டுப் பதிப்பு கிடையாது. புதிய மென்பொருள்கள் வந்துகொண்டே இருக்கும். உயர்தரத்தில் நாம் கற்கும் பைதனும் அப்படித்தான். 2010 அக்டோபரில் அங்கே ‘பைதன்’ என்றாலே மூன்றாம் பதிப்பு என்றாகிவிட்டது. ‘பிரின்ட்’ கட்டளைக்கு அடைப்புக்குறி இடாத பழைய செய்நிரல்கள் பிழை காட்டின.

திரும்பிப் போக வழியுண்டு. அதன் நிறுவு கருவியான பாக்மன், இறக்கிய பொதிகளைத் தானாக அழிப்பதில்லை. சிக்னல் விட்டுவிட்டு வரும் பொகவந்தலாவையில், டேட்டா செலவின்றி முந்தைய பொதியை நிறுவலாம் என்பதே எனக்குப் பெரிய விடயம்!

ஆனால், ஒன்றை மட்டும் பழையதாக நிறுத்தினால், அது நம்பியிருக்கும் துணைப் பொதிகள் முன்னே போய்விடும். ஒருநாள் அது திறக்காது. எனவே பழைய பைதனைத் துணைப் பொதிகளோடு தனிக் கோப்புறையில் வையுங்கள், தோழியரே. 2020 முதல் இரண்டாம் பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் இல்லை. பயிற்சிக்கு மட்டும் போதும்.