இந்த மாதப் பாடம்: ஒரு பிள்ளைக்கு நாலு பேர், ஒரே திட்டம்



ஆரணி, செய்யாறு பக்கம் பட்டுத்தறி வீடுகளில் இது நமக்குத் தெரிந்த கதைதான். கோர்வைப் புடவை நெய்ய, கரைப் பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். வாங்கின முன்பணமோ கழுத்தை நெரிக்கும். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனால் போதும், பையன் தறிக்கு வந்துவிடுகிறான். கையில் காசு வந்ததும் கெட்ட சகவாசம், குடி. பெண் பிள்ளை என்றால் உடனே கல்யாணப் பேச்சு.

யாரும் சும்மா இருப்பதில்லை. ஆசிரியர் "திரும்ப எழுதுப்பா" என்கிறார். செவிலியர் குடியைப் பற்றிச் சொல்கிறார். ஆலோசகர் ஒருநாள் வந்து பேசிவிட்டுப் போகிறார். அப்பா "கடனை யாரு கட்டுறது?" என்கிறார். ஆளுக்கு ஒன்று சொன்னால் பிள்ளை யாரிடமும் வாய் திறக்காது.

சேர்ந்து செய்வது எப்படி?

1. பிள்ளை நம்பும் ஒருவர் முன்னால் நிற்கட்டும். டீச்சரோ, அத்தையோ, குழுத் தலைவியோ, யாராகவும் இருக்கலாம். ஒரே கதையை நாலு பேரிடம் சொல்ல வைக்காதீர்கள்.

2. மற்றவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வேலையைப் பிரிக்க வேண்டும். துணைத் தேர்வுக்கு ஆசிரியர், குடிக்கும் மனக்கஷ்டத்துக்கும் ஆலோசகர். கடன்? அது நம்ம குழுவின் வேலை. கடனைப் பேசாமல் "படி" என்று மட்டும் சொன்னால் அது பாதி உதவிதான்.

3. திட்டம் போடும்போது பிள்ளையையும் கேளுங்கள். அவன் ஒத்துக்கொள்ளாத திட்டம் ஒரு வாரம்கூட நிற்காது.

4. ரகசியம் காக்க வேண்டும். உதவிக்குத் தேவையானதை மட்டும் பகிருங்கள், குழாயடியில் பேசாதீர்கள். ஆனால் பாலியல் தொல்லையை மறைக்கக் கூடாது. 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் புகார் சொல்லியே ஆகணும். சாகிறேன் என்று பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள்.

5. மாதம் ஒருமுறை கூடி, சொன்ன வேலை நடந்ததா என்று பாருங்கள்.

நினைவில் வையுங்கள்

* 14 வயதுக்குக் கீழ் யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் மட்டும் பள்ளி நேரம் போக, படிப்பு கெடாமல் உதவலாம். இது 2016 சட்டத் திருத்தம்.
* 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் குற்றம்.
* குழந்தைகள் உதவி எண் 1098. மனநல ஆலோசனை எண் 14416.

கூட்டத்தில் பேசுங்கள்

நம் தெருவில் பள்ளியை விட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? ஒவ்வொருவரும் யாரை நம்புகிறார்கள்? அந்த வீட்டுக் கடனுக்குக் குழு என்ன செய்யலாம்?

பேசி முடித்ததும், யார் எந்த வேலையை எப்போது செய்வது என்பதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். பிள்ளையின் பெயர் மட்டும் அதில் வேண்டாம்.