நேற்று எத்தனை விநாடி?

களக்காட்டில் இ-சேவை மையத்துக்குப் போனாலும் வாழைக்காய் மண்டிக்குப் போனாலும் காதில் விழும் பதில் ஒன்றுதான்: "சர்வர் ஸ்லோ அண்ணாச்சி, பழைய மெஷின். புதுசு வந்தா சரியாயிரும்." டேட்டாபேஸ் வேலையிலேயே காலம் தள்ளுகிற எனக்கு இதைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. எதைவிட ஸ்லோ? இதே தேடல் நேற்று எத்தனை விநாடியில் வந்தது? போன ஜூனில் எத்தனை? யாரிடமும் பதில் இல்லை. ஆனால் மெஷின்தான் காரணம் என்பது மட்டும் எல்லோருக்கும் நிச்சயம்!

தாமிரபரணிக் கரைக்காரர்களுக்கா இதை விளக்க வேண்டும்? பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இன்றைய நீர்மட்டத்தைப் படித்ததும் நம் விவசாயி கேட்பது, போன வருஷம் இதே நாளில் எவ்வளவு கிடந்தது என்றுதான். ஜூன் மாத 60 அடியும் ஜனவரி மாத 60 அடியும் அவருக்கு ஒன்றல்ல. டேட்டாபேஸில் பேஸ்லைன் என்பதும் இதுவே: எந்தக் குவரி (தேடல் கட்டளை), எந்த நேரத்தில், எவ்வளவு டேட்டாவில், வழக்கமாக எத்தனை விநாடி எடுக்கிறது என்ற பதிவு.

இந்தப் பக்கத்து மண்டி ஒன்றில் புது சர்வரே வாங்கினார்கள். கொஞ்ச நாள் பறந்தது, பிறகு பழைய கதை. போய்ப் பார்த்தேன். தினக் கணக்கு எடுக்கும் குவரி, ஒவ்வொரு பில்லின் நேரத்தையும் ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு நாளாகச் சுருக்கி ஒப்பிட்டுக்கொண்டிருந்தது. அப்படி எழுதினால் அந்தப் பத்தியில் வேகமாகத் தேடப் போட்ட இன்டெக்ஸ் உதவாது. முதல் பில்லிலிருந்து இன்றைய பில் வரை அத்தனையையும் வாசித்தாக வேண்டும். இன்று தொடக்கம் முதல் நாளை தொடக்கத்துக்குள் என்று எல்லை கொடுத்து மாற்றியதும் தீர்ந்தது. நேரத்தை மாதாமாதம் குறித்து வைத்திருந்தால் பணத்தை இறக்கும் முன்பே தெரிந்திருக்கும். மெஷின் திணறினால் பெரும்பாலும் எல்லாக் குவரியும் சேர்ந்து மந்தமாகும். ஒன்றின் நேரம் மட்டும் டேபிளோடு சேர்ந்து வளர்ந்தால், பார்க்க வேண்டியது அந்தக் குவரியை.

அளக்கும் கருவி இல்லை என்று சொல்லாதீர்கள். மைஎஸ்க்யூஎல்லில் ஸ்லோ குவரி லாக் இருக்கிறது. நீங்களாக இயக்காவிட்டால் அணைந்தே கிடக்கும், இயக்கினாலும் 10 விநாடியைத் தாண்டியதை மட்டுமே எழுதும். அந்த வரம்பைக் குறையுங்கள். போஸ்ட்கிரஸில் பிஜி ஸ்டாட் ஸ்டேட்மென்ட்ஸ் என்ற கருவி கூட்டுத்தொகையைத்தான் வைத்திருக்கும். மணிக்கொரு முறை பிரதி எடுத்தால்தான் காலைக்கும் மாலைக்கும் வித்தியாசம் தெரியும். ஆரக்கிள் தானே மணிக்கொரு முறை எடுக்கிறது, ஆனால் வழக்கமாக 8 நாள்தான் வைத்திருக்கும். போன வருஷத்து இதே நாள் வேண்டுமென்றால் நீங்கள்தான் சேமிக்க வேண்டும்.

"சராசரி நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். 99 குவரி 0.01 விநாடியிலும் ஒன்று 10 விநாடியிலும் முடிந்தால் சராசரி 0.11 விநாடிதான். அந்த ஒருவர் வரிசையில் நிற்கிறாரே! "மறுபடி ஓட்டிப் பார்த்தேன், வேகம்" என்பதும் செல்லாது. இரண்டாம் முறை டேட்டா மெமரியிலிருந்தே வந்துவிடும். அளக்காமல் இன்டெக்ஸை அள்ளிப் போடுவதும் தீர்வல்ல: ஒவ்வொரு பதிவும் அத்தனை இன்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும்.

தட்கல் முன்பதிவு ஏசிக்குக் காலை 10 மணிக்கும் ஸ்லீப்பருக்கு 11 மணிக்கும் திறக்கிறது. அந்த நேரத்து அளவை நள்ளிரவு அளவோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. இ-சேவைக்கும் அப்படித்தான்: பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் கூட்டம் அம்மும். அரசுத் தளங்களின் மணிவாரி வேகத்தை அணை நீர்மட்டம் போல நாளிதழில் வெளியிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சான்றிதழுக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மலையடிக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிற அம்மாவுக்கு, எந்த நேரத்தில் வந்தால் வேலை முடியும் என்று அதைப் பார்த்துத் தெரிய வேண்டும்.