சின்ன எழுத்துப் பக்கம்

குமரி மாவட்டக் கடற்கரையில் எங்கள் ஊரான இனயத்தில் ஒரு வீடு காலியானால் வாசலில் பலகை தொங்கவிட வேண்டியதில்லை. வள்ளம் விலைக்கு வந்தாலும், வலை முடிய ஆள் தேவைப்பட்டாலும், பழைய எஞ்சின் கைமாறினாலும், கரையில் மீன் ஏலம் முடிவதற்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பெரிய காரியம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிவில் கோயிலில் அறிவிப்பு. கல்யாணத்துக்கும் கோயிலில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசித்த பிறகுதான் தாலி. சேதியோடு சேர்ந்து அதைச் சொல்கிற ஆளும் நம் முன்னால் நிற்பார். அவர் யார் மகன், சொன்ன சொல்லில் நிற்பவரா என்பதெல்லாம் நமக்கு முன்பே தெரியும்.

இப்படி வளர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நாகர்கோவிலுக்கோ மார்த்தாண்டத்துக்கோ கல்லூரிக்குப் போகும்போதுதான் ஆள் இல்லாத சேதியை முதன்முதலாகப் பார்க்கிறது. தங்க இடம், பகுதிநேர வேலை, பழைய பைக், கப்பல் வேலை என்று எல்லாம் மூன்று வரியும் ஒரு போன் நம்பருமாக வருகின்றன. அந்த நம்பருக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் கண்டுபிடிக்கிற வேலையைக் கல்லூரியில் யாரும் சொல்லித் தருவதில்லை. எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாகர்கோவிலில் படித்த காலத்தில் மாலை நேரங்களில் ஒரு விளம்பர ஏஜென்சியில் வேலை பார்த்தேன். நாளிதழ்களுக்கு வரி விளம்பரம் வாங்கி அனுப்புகிற சின்னக் கடை. ஒரு மேசை, ரசீது புத்தகம், கட்டணப் பட்டியல், அவ்வளவுதான். வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி, வரி எண்ணிக் காசு வாங்குவது என் வேலை. பத்து சென்ட் மனை விற்பனைக்கு, ஓட்டு வீடு ஒற்றிக்கு, மணமகள் தேவை, மதிப்பெண் சான்றிதழ் காணவில்லை, புனித யூதா ததேயுவுக்கு நன்றி. மாவட்டத்தின் பாதி வாழ்க்கை அந்த மேசைக்கு வந்து போயிற்று.

வரிக்குக் காசு என்பதால் எல்லாரும் வார்த்தையை வெட்டுவார்கள். யார் எதை வெட்டுகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு விளம்பரம் வாசிக்கவே வந்தது. நேர்மையாக விற்க வந்தவர் முதலில் ‘அருமையான’, ‘அரிய வாய்ப்பு’ போன்ற வார்த்தைகளை அடித்துவிடுவார். இடத்தின் பெயரையும் விலையையும் விடமாட்டார். தேவையில்லாத போன் வருவதை அவர் விரும்புவதில்லை. மறைக்க ஏதாவது வைத்திருப்பவர் புகழ்ச்சியை அப்படியே வைத்துக்கொண்டு இடத்தையும் விலையையும் எடுக்கச் சொல்வார். மனை விளம்பரத்தில் பாதையைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் அனேகமாக வண்டி போகாது. வீட்டு விளம்பரத்தில் தண்ணீரைப் பற்றி எதுவும் இல்லையென்றால் கிணற்றை எட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது. ஆகவே என் முதல் பாடம் இதுதான்: விளம்பரத்தில் இருப்பதை ஒருமுறை வாசியுங்கள், இல்லாததை இரண்டுமுறை வாசியுங்கள்.

இந்தச் சின்ன எழுத்து விளம்பரத்தை அற்பமாக நினைக்க வேண்டாம். லண்டன் ‘தி டைம்ஸ்’ 1966 வரை தன் முதல் பக்கத்தையே இதற்குக் கொடுத்திருந்தது. நம் ‘தி இந்து’வும் 1958-ல்தான் முதல் பக்கத்தில் செய்தி போடத் தொடங்கியது. அதுவரை அங்கே விளம்பரங்கள்தான். ஜனங்கள் பத்திரிகையைப் பிரித்ததும் முதலில் தேடியது, யாருக்கு என்ன தேவை, யாரிடம் என்ன இருக்கிறது என்பதை.

இனி தங்குமிடம். வெட்டூர்ணிமடம், செட்டிகுளம், கோட்டாறு, வடசேரி என்று எந்தப் பக்கம் போனாலும் அறை கிடைக்கும். நல்ல அறைகள் பெரும்பாலும் விளம்பரத்துக்கு வருவதில்லை. காலி செய்து போகிற சீனியர் மாணவரே அடுத்தவருக்குக் கைமாற்றிவிடுவார். அதனால் மே, ஜூனில் கல்லூரிக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடை, மெஸ், டீக்கடை மூன்றிலும் சொல்லிவைப்பது பத்திரிகையைப் புரட்டுவதைவிடப் பலன் தரும். அறையைப் பகலில் ஒருமுறையும் ராத்திரி ஒருமுறையும் பாருங்கள். தண்ணீர் எப்போது வரும், கரண்டுக்கு யூனிட் கணக்கா மொத்தத் தொகையா, முன்பணத்தில் எதற்கெல்லாம் பிடித்தம், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று நான்கையும் கேட்டு, ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்காமல் போகும் சண்டைகளில் பாதி இந்த ஒரு தாள் இல்லாததால் வருபவை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘சைவ உணவினர் மட்டும்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அது வெளிப்படை. வேறு வீடு பார்த்துக்கொள்ளலாம். போடாமல் நேரில் தட்டிக்கழிப்பதுதான் வலிக்கும். நான் அறை தேடிப் போன ஒரு வீட்டில் அந்த அம்மா சாவியோடு வந்து கதவைத் திறந்து காட்டினார்.

“எந்த ஊரு தம்பி?”

“இனயம்மா.”

“கடற்கரையா… இருங்க, ஒருத்தங்க ஏற்கெனவே கேட்டுட்டுப் போனாங்க. சொல்லி அனுப்புறேன்.”

சொல்லி அனுப்பவில்லை. அந்த அறை பல வாரம் பூட்டியே கிடந்ததை நடந்து போகும்போதெல்லாம் பார்த்தேன். என்னைப் போலவே கேட்டுத் திரும்பிய கடற்கரைப் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு நான் சொல்வது: போனில் பேசும்போதே ஊரைச் சொல்லிவிடுங்கள். ஊரை மறைத்து அறை பிடித்து, பிறகு சமைக்கிற ஒவ்வொரு நாளும் மீன் வாசனைக்குப் பயந்து இருக்க வேண்டாம். நம் ஊரைக் கேட்டும் சாவி தருகிற வீடுகள் நாகர்கோவிலில் இருக்கின்றன. எனக்குக் கடைசியில் கிடைத்தது அப்படி ஒரு வீடு. அந்தப் பாட்டி நான் ஊருக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம், “மக்களே, சாளை கொண்டு வந்தியா?” என்றுதான் கேட்பார்.

வேலை விளம்பரத்தில்தான் அதிகம் பேர் பணம் இழக்கிறார்கள். ‘வீட்டிலிருந்தே டைப்பிங், மாதம் இவ்வளவு’ என்று வந்தது முன்பு பேப்பரில். இன்று அதே ஆசையை டெலிகிராமும் வாட்ஸ்அப்பும் கொண்டுவருகின்றன. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், டெபாசிட் என்று எந்தப் பெயரில் கேட்டாலும், வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்டால் அங்கே வேலை இல்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

வெளிநாட்டு வேலை எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆசை மட்டுமில்லை, பல வீடுகளில் அதுதான் ஒரே திட்டம். அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். 1983-ம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்றவருக்கு உரிம எண் உண்டு. அந்த எண்ணை அலுவலகத்திலும் விளம்பரத்திலும் போட வேண்டும். ஆகவே விளம்பரத்தில் முதலில் தேட வேண்டியது சம்பளத்தை அல்ல, அந்த எண்ணை. கிடைத்தால் இ-மைக்ரேட் இணையதளத்தில் அது உண்மைதானா என்று பாருங்கள். சேவைக் கட்டணமாக அவர் வாங்கக்கூடியது 30,000 ரூபாயும் அதற்கான 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். அதற்கும் ரசீது வேண்டும். ‘விசிட் விசாவில் போ, அங்கே போனதும் மாற்றிக்கலாம்’ என்று சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்ற பேச்சை நம்பிப் போய், 2022-ல் மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கிய இந்தியர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். படித்தவர்கள் அவர்கள்.

கப்பல் வேலை இதைவிட ஆபத்தான இடம். கடலைப் பற்றித் தெரியும் என்ற தைரியத்தில் நாம் கப்பல் கம்பெனியைப் பற்றி விசாரிப்பதில்லை. கப்பலுக்கு ஆள் எடுக்கும் நிறுவனத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் அது பணம் வாங்கக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி நிறுவனங்களின் பட்டியலும் உரிமம் பெற்றவர்களின் பட்டியலும் இயக்குநரகத்தின் இணையதளத்தில் கிடைக்கும். அப்பா வள்ளத்தை விற்று லட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன்னால், அந்தப் பட்டியலைத் திறந்து பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

சான்றிதழ் தொலைந்தவர்கள் எங்கள் மேசைக்கு வரும்போது முகமே வேறு மாதிரி இருக்கும். பஸ்ஸில் விட்டவர்கள், ஜெராக்ஸ் எடுத்த இடத்தில் மறந்தவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் இந்த மாவட்டக் கரையில் டிரங்குப் பெட்டியோடு சான்றிதழும் போன வீடுகள் உண்டு. இன்று தொலைந்த ஆவணத்தைத் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். பத்திரிகை விளம்பரம் வேண்டுமா, எந்த வாசகத்தில் என்பதை நகல் தரப்போகிற பள்ளியிலோ பல்கலைக்கழகத்திலோ கேட்டுக்கொண்டு பிறகு காசைச் செலவழியுங்கள். வாசகம் பொருந்தாமல் இரண்டாம் முறை விளம்பரம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மூலச் சான்றிதழைப் பத்திரப்படுத்துவதாக நினைத்து லேமினேஷன் செய்யாதீர்கள். வெளிநாட்டுக்கான அட்டெஸ்டேஷன் முத்திரை அதன் பின்புறத்தில்தான் விழ வேண்டும். டிஜிலாக்கரில் ஒரு பிரதியைப் படிக்கும் காலத்திலேயே ஏற்றிவைத்துக்கொள்ளுங்கள்.

பெயரும் அப்படித்தான். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளியில் கொடுத்தது ஒன்று, ஆதாரில் எழுத்துப்பிழையோடு ஒன்று. கடற்கரையில் இது வீட்டுக்கு வீடு உண்டு. வேலை கைக்கு வந்த பிறகுதான் பெயர் மாற்றத்துக்கு ஓடுகிறார்கள். தமிழ்நாடு அரசிதழில் அறிவிப்பு வெளிவந்து, அதைக் காட்டி ஒவ்வொரு ஆவணமாகத் திருத்த நாளாகும். இனிஷியல் மட்டும் வைத்திருக்கிற நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா, விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடுவதா என்பதை முதல் வருடத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

வாங்குவது விற்பது பற்றிச் சுருக்கமாக. பழைய போன் வாங்கினால் அதில் *#06# அழுத்தி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பிச் சரிபாருங்கள். திருட்டுப் போனாகத் தடைசெய்யப்பட்டிருந்தால் தெரிந்துவிடும். பைக் வாங்கினால் ஆர்சி உங்கள் பெயருக்கு மாறிய பிறகே முழுப் பணம். விற்கும்போது, வாங்குவதாகச் சொல்லும் ஏமாற்றுக்காரன் ‘பணம் வர இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க’ என்பான். பணம் பெறுவதற்கு யுபிஐ பின் எண்ணைத் தட்டவே வேண்டாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள். தாமதிக்கிற ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு வேறு கணக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

பேப்பரின் சின்ன எழுத்துப் பக்கத்தில் மாணவர்கள் தாண்டிப்போகிற ஒரு பகுதி பொது அறிவிப்பு. ஏலம், ஒப்பந்தப்புள்ளி, நில எடுப்பு, கருத்துக் கேட்பு. இனயத்துப் பிள்ளை அதைத் தாண்டிப்போகக் கூடாது. 2016-ல் இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையத்துக்கு மத்திய அமைச்சரவை கொள்கை அளவில் ஒப்புதல் தந்தபோது கரை முழுக்கக் கொந்தளித்ததை அன்றைய மாணவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். பிறகு கிள்ளியூர் வட்டாரத்தில் ஏறக்குறைய 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கும் ஐஆர்இஎல் நிறுவனத்தின் திட்டம் வந்தது. அந்தக் கிராமப் பட்டியலில் இனயம் புத்தன்துறையும் இருந்தது. அதற்காக 2024 அக்டோபர் 1-ம் தேதி நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம், மக்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது.

2006-ம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை, இப்படிப்பட்ட கூட்டத்தை ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் செய்து, குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும் என்கிறது. வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், மாவட்டத் தொழில் மையத்திலும், உள்ளாட்சி அலுவலகங்களிலும் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழில் சுருக்கமும் உண்டு. அந்த விளம்பரம் கண்ணில் பட்டால் வெட்டியெடுத்துத் தேதியைக் குறியுங்கள். கிராமப் பெயரையும் சர்வே எண்களையும் வீட்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறிக்கையைப் போய்ப் படியுங்கள்; அந்தப் பக்கங்களில் கணக்கும் வரைபடமும் இருக்கும், அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் இன்று கல்லூரிப் பிள்ளைகள்தான். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் எழுத்தில் கருத்து அனுப்பலாம். கடலுக்குப் போய்த் திரும்ப நாளாகும் அப்பாமார்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதிக் கொடுங்கள்.