நீதியைக் கரும்பலகையில் எழுதாதீர்கள்

நீதிக்கதை படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கதை முடிந்த கையோடு ‘இதனால் அறியப்படும் நீதி’ என்று எழுதிப் போடாதீர்கள். அந்த வரியைக் கண்டதும் பிள்ளைகள் யோசிப்பதை விட்டுக் கொப்பியில் இறக்கத் தொடங்குவார்கள். மேற்பார்வைக்கு வந்த ஒருவர், கரும்பலகையில் நீதி இல்லையென்று பிள்ளைகள் முன்னாலேயே என்னைக் கடிந்துகொண்டார். அன்றைய பாடத்தைச் சொல்கிறேன், யார் சரியென்று நீங்களே பாருங்கள்.

வாகரையில் தரம் 7. பஞ்சதந்திரத்தின் கொக்கும் நண்டும். குளம் வற்றப்போகிறது, வேறு குளத்துக்குக் கொண்டுபோய் விடுகிறேன் என்று கிழக்கொக்கு ஆசை காட்டும். மீன்களை ஒவ்வொன்றாய்த் தூக்கிப்போய்ப் பாறையில் வைத்துத் தின்னும். கடைசியில் போகும் நண்டு, முள்ளுக் குவியலைக் கண்டு கொக்கின் கழுத்தை நறுக்கிவிடும். வழக்கமாக எழுதும் நீதி, ‘தீயோரை நம்பாதே’.

நான் அதை எழுதவில்லை. “மீன்கள் ஏன் நம்பின?” என்று கேட்டேன். “மோட்டு மீன், சேர்” என்று வகுப்பே சொன்னது. உப்பாற்றில் தகப்பனோடு நண்டு பிடிக்கப் போகிற ஒருவன் மட்டும் எழும்பினான்: “குளம் வத்தினாச் சாவுதானே சேர். பயத்தில போயிருக்கும்.” பின்வாங்கிலிருந்து ஒரு பிள்ளை சொன்னாள்: “போன மீன் ஒண்டும் திரும்பி வரல்ல. அத ஏன் ஒருத்தரும் கேக்கல்ல?”

அதற்குப் பிறகு நான் பேச வேண்டியிருக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்க வரும் ஏஜென்சிக்காரர், வாசலுக்கு வரும் கிழமைக் கடன் என்று கதை ஊருக்குள் வந்துவிட்டது. ‘முதல் போனவர்கள் எங்கே என்று கேள்’ என்பதுதான் பிள்ளைகள் கண்டுபிடித்த நீதி. எந்தப் புத்தக நீதியை விடவும் அது பெறுமதியானது.

இவர்களின் தாய் தகப்பன்மார் 2004 சுனாமியையும் 2006 கடைசியில் யுத்தத்தால் வந்த இடப்பெயர்வையும் கண்டவர்கள். ‘இங்கே இருந்தால் சாவு’ என்ற பயத்தில் ஓடிய குடும்பத்துப் பிள்ளையிடம், ஓடியவர் மோடர் என்று எழுதிக் கொடுப்பது அநியாயம். விஷ்ணுசர்மர் இந்தக் கதைகளை இளவரசர்களுக்குச் சொன்னதாகத்தான் பஞ்சதந்திரமே தொடங்குகிறது. ஆளப்போகிறவர்கள் சூதை இனங்காணப் பழகவேண்டும் என்பதே நோக்கம். அந்தப் பயிற்சி எங்கள் மீனவப் பிள்ளைகளுக்கு ஏன் கூடாது?

வாசிப்பு, அருஞ்சொல், பாத்திரம் ஏற்று நடிப்பது எல்லாம் நீங்கள் செய்கிறவைதான். கூடுதலாக இவற்றைச் செய்யுங்கள்:

கதையை முடிவுக்கு முன் நிறுத்துங்கள். கொக்கின் முதுகில் நண்டு ஏறும் இடத்தில் நிறுத்தி, இனி என்ன நடக்கும் என்று எழுதவிடுங்கள்.

கதையின் காலத்தை ஊருக்கு மாற்றுங்கள். ஈசாப்பின் எறும்பும் வெட்டுக்கிளியும் கதையில் வரும் பனிக்காலம் எங்களிடம் இல்லை, வாடைக்காலம் இருக்கிறது. ஆனால் கடல் கொந்தளித்துத் தொழில் நின்ற வீட்டுப் பிள்ளைக்கு ‘சோம்பேறி பட்டினி கிடப்பான்’ என்று சொல்லாதீர்கள். எறும்பு கொஞ்சம் கொடுத்திருக்கலாமா என்று கேளுங்கள்.

இதே கொக்கு, பௌத்த ஜாதகக் கதையிலும் அரபு மொழியின் ‘கலீலா வ திம்னா’விலும் வருகிறது என்று சொல்லுங்கள். சிங்களப் பிள்ளையும் ஓட்டமாவடி முஸ்லிம் பிள்ளையும் தங்கள் கதை என்று சொல்லக்கூடிய ஒன்றைத் தாங்களும் படிக்கிறோம் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும்.

ஒரு கதைக்கு இரண்டு நீதி வந்தால் இரண்டுக்கும் சரி போடுங்கள். காரணம் கதைக்குள்ளிருந்து வரவேண்டும், அவ்வளவுதான். பரீட்சைக்கான ஒருவரி விடையைத் தவணைக் கடைசியில் சொல்லிக்கொடுக்கலாம்; அதற்கு ஒரு பாடவேளை போதும்.

உங்களிடமும் மேற்பார்வைக்கு வருவார்கள், கரும்பலகையைத்தான் முதலில் பார்ப்பார்கள். பிள்ளைகளின் கொப்பிகளை எடுத்துக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு கொப்பியிலும் வேறுவேறு நீதி இருந்தால், பாடம் நடந்திருக்கிறது.